கம்பளி கேட்காதே என்று சொன்னேன்

யாழினி, கதிர், உங்கள் அக்கா இத்தாலிக்குப் படிக்கப் போன முதல் மாதத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். மற்ற பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

சியெனா என்ற பழைய ஊரில், ஒரு பெரியவர் வீட்டு மாடியறையில் அவள் தங்கினாள். படாளத்தில் நம் வீட்டுக்கு போன் செய்தால் அவர் பேச்சுதான். கல் படிகளில் பெட்டியைத் தூக்கி வந்தாராம், கடைக்குக் கூட்டிப்போனாராம். எனக்கு வயிறு எரிந்தது. இருவரும் நிற்கும் படத்தை அவள் அனுப்பியபோது, அவரை வெட்டிவிட்டு அவளை மட்டும் போன் முகப்பில் வைத்தேன். பெட்டியைப் பிடித்த அவர் கை மட்டும் ஓரத்தில் மிஞ்சியது.

ஒரு மாலை, “ரொம்பக் குளிருதுப்பா. அவர்கிட்ட கம்பளி கேக்கட்டுமா?” என்றாள்.

“எதுக்கெடுத்தாலும் அந்த ஆளா? கேஸ் அடுப்பப் பத்தவச்சி, ஜன்னல சாத்திக்கினு உக்காரு.”

“இன்னா, அந்தக் கெழவர் மேல பொறாமையா உனக்கு?” என்று உங்கள் அம்மா சிரித்தாள்.

மூடிய அறையில் அடுப்பு எரிந்தால் விஷக்காற்று சேரும் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னபடியே செய்து அவள் மயங்கிவிட்டாள். கேட்காமலே கம்பளி கொண்டுவந்த அந்தப் பெரியவர், கதவைத் தட்டிப் பார்த்து, மாற்றுச் சாவியால் திறந்து காப்பாற்றினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். “நீ சொல்லித்தான் செஞ்சேன்னு அவர்கிட்ட சொல்லலப்பா.”

இப்போது எது கேட்டாலும், “மொதல்ல அவரக் கேளும்மா” என்கிறேன்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய அன்றே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, தனியாக உட்கார்ந்து, அவரும் நிற்கும் முழுப் படத்தை போன் முகப்பில் வைத்தேன்.