இருவர் மட்டும் உள்ள எக்ஸ்சேஞ்ச்

முதல் அழைப்பில் அக்காவின் குரல் எனக்குக் கேட்டது; என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, "கேக்குதா? கேக்குதா?" என்று ரிசீவரில் கத்துகிறேன். மன்னார்புரத்தில் இருந்த அவளோ, "என்னடி, வாயில கொழுக்கட்டையா?" என்கிறாள். அவள் வீட்டு இன்டர்நெட் ரௌட்டர் என் பேச்சை உள்ளே விடாமல் மறித்திருந்தது என்று பிறகுதான் கண்டுபிடித்து, செல்போனில் சொன்னாள். "சின்ன வயசுலேர்ந்தே நமக்குள்ள அப்படித்தானே, நீ பேசுவே, நான் கேட்பேன். மெஷினை எதுக்குக் குத்தம் சொல்றே?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதைச் சரிசெய்யும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா பொன்மலை ஒர்க்‌ஷாப் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். ரயில்வேக்கென்று தனி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உண்டு. சின்ன நம்பரைச் சுழற்றினால் எந்த செக்‌ஷனும் கிடைக்கும். அந்தச் சுகம் அவளை விடவில்லை. அத்தானும் போய், நானும் தனியாளாகிவிட்ட பிறகு, நமக்கும் ஒரு எக்ஸ்சேஞ்ச் வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்து மாற்றிக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் ஒன்றை, உள்ளங்கை அகல கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றினாள். என் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் அந்த டப்பா என் அலமாரிக்கு வந்தது. அவள் வீட்டில் ஒரு போன், என் வீட்டில் ஒரு போன். செல்போன்தான் இருக்கிறதே, எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். "செல்போன்ல ஊரே கூப்பிடும். இதுல மணி அடிச்சா அது நீதான், வேற யாரும் இல்ல" என்றாள்.

எங்கள் இருவருக்கும் ரோஷம் அதிகம். போன தடவை நான்தானே கூப்பிட்டேன், இந்தத் தடவை அவள் கூப்பிடட்டும் என்று நாள்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. அதற்கும் அவள் ஒரு வழி செய்தாள். காலையில் காபி நேரத்துக்கு அந்த டப்பாவே இரண்டு போனிலும் மணி அடிக்கும். இருவரும் எடுத்தால் சேர்த்து வைக்கும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இருவர் கௌரவமும் பிழைத்தது.

ஒருநாள் நான் மொட்டைமாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் கதவை யாரோ உடைப்பது போலத் தட்டினார்கள். இறங்கி வந்து திறந்தால் அக்கா. தலைகூட வாராமல், கசங்கிய புடவையோடு ஆட்டோ பிடித்துக் காவிரியைத் தாண்டி வந்திருக்கிறாள். "எடுக்கலைன்னா நான் என்னத்தடி நெனைக்கிறது? உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நீ விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?" என்று தெருவே கேட்கும்படி திட்டினாள். பிறகு மாவுக் கையோடு நின்ற என்னைப் பார்த்து அழுதாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது. நான் எடுக்காவிட்டால் ஓடிவர ஒருத்தி இருக்கிறாள்.

அக்கா புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் மகள் வந்து மன்னார்புரம் வீட்டைக் காலிசெய்து, அக்காவின் போனையும் பெட்டியில் போட்டுக் கட்டினாள். காரியங்கள் முடிந்து நான் ஸ்ரீரங்கம் திரும்பிய மறுநாள், காபி நேரத்தில் மணி அடித்தது. தூக்கிவாரிப்போட்டது. டப்பாவுக்கு யார் போய்ச் சொல்வது? எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. "எந்திரிச்சிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். தினமும் அப்படியே நடந்தது. விஷயம் தெரிந்து அக்கா மகள், "நிறுத்திடவா சித்தி? கேக்கவே கஷ்டமா இருக்கு" என்றாள். இருக்கட்டும் என்றேன். நாளெல்லாம் நான் வாய்திறந்து பேசுவது சில நாள் அந்த ஒரு வார்த்தைதான்.

நேற்று வேண்டுமென்றே எடுக்கவில்லை. காபி டம்ளரோடு போன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அடித்தது, ஓய்ந்தது. டப்பா தன் வேலையை முடித்துக்கொண்டது. அக்கா வேண்டும் என்று எனக்கு வாய்விட்டு அழத் தோன்றியது. எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, நன்றாகத் திறந்து வைத்தேன். தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிற்று.