முகத்துக்கு வயதேற்றியவள்

பிலிப்பைன்ஸின் கேசோன் நகர நாணயச் சாலையில் நெனித்தா லக்சினா சிற்பி. வெள்ளியில் அடிக்கும் நினைவு நாணயங்களுக்கு முதலில் தாம்பாள அகலத்தில் உருவம் செய்து தருவது அவள் வேலை. தளபதிகள், ஆயர்கள், பழைய கோட்டைகள் எல்லாம் அவள் கையில் உருவானவை.

ஒரே மகள் லிகாயாவை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோனபோது அவளுக்கு வயது பத்தொன்பது. அடக்கம் முடிந்ததும் நெனித்தா வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஜீப்னி என்னும் சிற்றுந்து ஓட்டும் அவள் கணவன் ருஃபினோ, மகளின் படங்களையெல்லாம் சுவரிலிருந்து கழற்றினான். அவள் பெயரைச் சொல்வதையும் விட்டுவிட்டான்.

அடுத்த ஆண்டு, இசிடோரா என்ற மருத்துவச்சிக்கு நாணயம் அடிப்பதென்று முடிவானது. ஸ்பானியரோடு நடந்த சண்டையில் காயம்பட்டவர்களைத் தேவாலய மணிக்கூண்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவள். ஒரு பக்கம் மணிக்கூண்டு, மறுபக்கம் அவள் முகம். ஆனால் அவளுக்குப் படம் எதுவும் கிடையாது. நெனித்தா களிமண்ணில் கைவைத்தாள். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, மேலுதட்டின் சிறு மடிப்பும் வந்தது. அது யார் முகம் என்று தெரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

தேர்வுக் குழுவுக்குப் பிடித்துப்போயிற்று. மேலாளர் பெர்னார்தோ மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சினிமாக்காரி மாதிரி செஞ்சிட்டீங்களே மேடம். அந்தம்மாவுக்கு அப்ப அறுபது வயசு. கொஞ்சம் கிழவியாக்குங்க."

வேறு முகம் செய்திருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை. கன்னத்தைத் தளர்த்தினாள். கண்ணோரத்தில் சுருக்கம் கீறினாள். மகள் அவள் கண்ணெதிரே மூத்துக்கொண்டே போனாள். அந்த முகம் நெனித்தாவின் வயதையும் தாண்டியபோது அவள் கருவியைக் கீழே வைத்தாள். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு வந்து முடித்துக்கொடுத்தாள்.

நாணயம் வெளியானதும் ஒன்றை வாங்கிவந்து, ருஃபினோ சாப்பிட்டு முடித்த பிறகு அவன் முன்னால் வைத்தாள். அவன் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"போகப்போக எங்கக்கா ஜாடை வந்திருக்கும், இல்ல?"

"ஆமா. வயசானா அப்படித்தான் இருந்திருப்பா."

"லிகாயா" என்றான். ஜன்னலை விட்டு வந்து, "இத எங்கிட்ட காட்டியிருக்க வேணாம்" என்றான்.

மணிக்கூண்டு மேலே தெரியும்படி நாணயத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வண்டி எடுக்கப் போய்விட்டான்.

இனி முகங்கள் வேண்டாம் என்று நெனித்தா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டாள். ஓய்வுபெறும்வரை கலங்கரை விளக்கம், பாலம், கோட்டை என்று கட்டடங்களையே செய்தாள். காரணம் கேட்டவர்களிடம், கண் மங்கிவிட்டது என்றாள்.