ஊதா மரத்தின் பெயர்

அம்மாவின் தம்பி லாரி ஓட்டினார். நான் அவரை லாரி மாமா என்றுதான் கூப்பிடுவேன். எந்த ஊரில் லோடு இறக்கினாலும் எங்களுக்கென்று எதையாவது கொண்டுவந்துவிடுவார். நாக்பூரிலிருந்து ஆரஞ்சு, பம்பாயிலிருந்து பிளாஸ்டிக் வாளி, ஒருமுறை எங்கிருந்தோ ஒரு சுவர்க் கடிகாரம். அந்தக் கடிகாரம் எங்கள் வீட்டில் ஒருநாளும் சரியான நேரம் காட்டியதில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து அவர் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்தார்.

பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில், காவிரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கப்பலில் வந்த ஏதோ ஒரு பெரிய மெஷினை எங்கள் பக்கத்து ஆலைக்கு ஏற்றிவந்தாராம் மாமா. மெஷின் அசையாமல் இருக்க அடியில் கொடுத்திருந்த கட்டைகளை, இறக்கிய இடத்திலேயே போட்டுவிட்டார்கள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆள் உயரத்துக்கு மேல் நீளம். மழையிலும் உப்புக் காற்றிலும் கிடந்து சாம்பல் பூத்திருந்தது. லாரியிலிருந்து இறக்குவதற்குள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

"இதையெதுக்குடா தூக்கிட்டு வந்தே, அடுப்புக்கா?" என்றாள் அம்மா.

"லேசுப்பட்ட மரமில்லக்கா. இது வந்த தேசத்துல ஆசாரிமாருங்க இதுக்குன்னு காத்துக் கெடப்பாங்களாம்."

"என்ன மரம்டா?"

"பேரு சொன்னாங்க. வாயில நொழையல."

பெயர் தெரியாத மரம் மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் கிடந்தது. வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஈட்டி என்றார் ஒருவர், கருங்காலி என்றார் இன்னொருவர். அப்பா கோடாலியால் ஒரு போடு போட்டார். கோடாலி முனை மழுங்கிப்போனது. பெயர்ந்து வந்த ஒரு சில்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்தோம். கல்லைப்போல நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போது அப்பாவின் தங்கை எங்கள் வீட்டில் இருந்தாள். நாமகிரிப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். கோடை விடுமுறையில் என்னை அம்மாவின் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். நான் திரும்பி வந்தபோது அத்தைக்கு வயிறு இல்லை, பாப்பாவும் இல்லை. பாப்பா எங்கே என்று கேட்டேன். "அத்தைக்கு ஒடம்பு செரியில்ல, தொந்தரவு பண்ணாத" என்றாள் அம்மா. கேட்டதற்கு இது பதில் இல்லை என்று தெரிந்தது. பெரியவர்களின் பதில் அப்படித்தான் இருக்கும் என்பதும் தெரிந்திருந்தது. அத்தை அதன்பின் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. அத்தை வீட்டு மாமா எப்போதாவது வருவார், காபி குடிப்பார், அத்தை இருந்த அறை வாசலில் சற்று நேரம் நிற்பார், போய்விடுவார்.

அடுத்த வருடம் அம்மாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும், அந்தக் கட்டையில் தொட்டில் செய்துவிடலாம் என்றார் லாரி மாமா. மரம் அறுக்கும் மில்லுக்குக் கொண்டுபோனார். வாளின் பல் போய்விட்டதென்று மில்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, பலகைகளோடு திரும்பி வந்தார். அறுத்த முகம் ஈரமண் நிறத்தில் இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று எல்லோருக்கும் ஏமாற்றம். களத்தில் காயப்போட்டு, அவ்வப்போது திருப்பிப்போடும் வேலையை அத்தையிடம் கொடுத்தார்கள். அவள் அறையைவிட்டு வெளியே வரட்டும் என்று அம்மாதான் அந்த ஏற்பாட்டைச் செய்தாள்.

பலகைகள் வெயிலில் கிடந்தன. முதலில் மண் நிறத்துக்கு அடியில் ஏதோ ஒரு சிவப்பு ஊறுவதுபோல இருந்தது. பிறகு கத்திரிப்பூ நிறம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வருவதற்குள் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கும். கடைசியில் நாவல்பழம் தின்ற நாக்கைப்போல ஆழ்ந்த ஊதாவாக நின்றது. மரம் நிறம் மாறும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சாயங்கால வெயிலில் அந்தப் பலகைகளின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வேன். வயிற்றுக்கு அடியில் சூடாக இருக்கும். ஆலையின் சங்கு ஊதும், ஆற்றுக் காற்று வரும். கண்ணை மூடினால், நான் பார்த்தேயிராத கடலுக்கு அந்தப்பக்கம், ஊதா நிறத்தில் ஒரு காடு நிற்கும். அதில் ஊதாக் குருவிகள் கத்தும்.

"மரம் என்ன பண்ணுது அத்தை?"

"பழுக்குது" என்றாள் அத்தை. அவள் நன்றாகத் தைப்பாள். பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கொரு பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மறதியாகப் பலகைமேல் விட்ட கத்தரிக்கோலை மறுநாள் எடுத்தபோது, அதன் உருவம் அப்படியே மண் நிறத்தில் பலகையில் தங்கியிருந்தது. வெயில் படாத இடம் பழுக்கவில்லை. நான் கைதட்டிச் சிரித்தேன். அத்தை அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அத்தை வேலியோரம் சாய்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் கிடந்த பலகையில், ஊதாவுக்கு நடுவே, மண் நிறத்தில் எழுத்துகள். எழுதியதுபோலவும் இல்லை, செதுக்கியதுபோலவும் இல்லை. மரத்துக்கு உள்ளேயிருந்தே வந்தவைபோல இருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தேன். செ, ழி, ய, ன்.

ஆக, இதுதான் மரத்தின் பெயர். எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாமாவின் வாயில் நுழையாத பெயர், மில்காரருக்கும் தெரியாத பெயர், எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. களத்தில் சிமெண்ட் பைக் காகிதத்தைக் கத்தரித்த துண்டுகள் காற்றில் உருண்டன. அத்தை இருக்குமிடத்தில் கத்தரித்த காகிதம் கிடப்பது வழக்கம்தான். கத்தரிக்கோல் பதிந்ததையும் எழுத்து வந்ததையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை.

யாரிடமும் சொல்லாமல் தினமும் போய்ப் பார்த்தேன். எழுத்துகளும் மெல்லப் பழுத்தன. ஒருநாள் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. பலகை முழுக்க ஒரே ஊதா.

தம்மம்பட்டியிலிருந்து ஆசாரி வந்து தொட்டிலைச் செய்துகொடுத்தார். ஊதாத் தொட்டிலை ஊரில் யாரும் கண்டதில்லை. பெயிண்ட் என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். தம்பி பிறந்தான்.

அவனைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கும் நாளன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். எங்கள் பக்கம் அத்தைதான் குழந்தையைத் தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்ல வேண்டும். அத்தை சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தாள். அப்பாவின் அக்கா, பெரியத்தை, அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நீ அக்கட்டால இரு சாமி. நான் போட்டுக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அத்தை தலையாட்டிவிட்டு நகர்ந்தாள்.

"இல்லீங்க" என்றாள் அம்மா. பெரியத்தையை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை. "சின்னவதான் போடோணும். அவ போட்டாத்தான் என்ர பையனத் தொட்டல்ல விடுவேன்."

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ அப்பா, "செரி, என்ன பேருன்னு சொல்லோணுமல்ல" என்று தன் அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை இனியும் என்னால் அடக்க முடியவில்லை.

"மரத்தோட பேரையே வெய்யிங்க."

"மரத்துக்கு ஏது கண்ணு பேரு?" என்று லாரி மாமா சிரித்தார்.

"இருக்குது. செழியன். பலகையில எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை வீட்டு மாமா மட்டும் எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், கொளுத்தும் வெயிலில் களத்துப் பக்கம் போனார். அம்மா அத்தையைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. இவனுக்கு வெக்கலாமா?"

அத்தை தொட்டில் பலகையை ஒருமுறை தொட்டாள். பிறகு, "வெய்யிங்க அண்ணி" என்றாள்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். அத்தைக்குப் பிறந்த பையன் கண் திறக்கவே இல்லையாம். அவன் வயிற்றிலிருந்தபோதே அத்தையும் மாமாவும் ஒரு பெயர் பார்த்துவைத்து, அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். பெயர் வைக்காமலே அவனைப் புதைத்துவிட்டு வந்தார்கள். அத்தைக்கு அதைச் சொல்லிக் கூப்பிட ஒருமுறைகூட வாய்க்கவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. மரத்தின் பெயரைக் கண்டுபிடித்த பெருமையோடு முன்வரிசையில் நின்றேன். அத்தை தம்பியை வாங்கித் தொட்டிலில் கிடத்தினாள். குனிந்து அவன் காதருகில் பெயரைச் சொன்னாள். மூன்று முறை சொல்வதுதான் முறை. அத்தை நிறுத்தவில்லை. மெதுவாக, கெஞ்சுவதுபோல, தூங்குபவனை எழுப்புவதுபோல, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போதும் அத்தை, அவனுக்குக் கேட்டுருச்சு" என்றேன்.

அம்மா என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"அவ கூப்புடட்டும் சாமி" என்றாள்.

தொட்டிலிலேயே கிடக்கிறவனை எதற்காக அப்படிக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.