கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்

வசந்தி... ஏய் வசந்தி!

பார்த்தீர்களா, அடி விழவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் அக்கா முதுகிலேயே ஒன்று வைப்பாள். "ஆறு வயசு மூத்தவ நான். பேரா சொல்ற?" போன மாதத்திலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஒன்றும் விழுவதில்லை. இந்தப் பத்தி மூன்று வாரம் வராததற்குக் காரணம் அதுதான்.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'மெயின்லேண்டா, தீவா?' என்று இதே இடத்தில் மார்க் போட்டேன். சென்னைக்குப் பத்துக்கு ஒன்பது, எங்கள் தீவில் இருக்கும் ரங்கத் ஊருக்கு நாலு. நெட் கிடையாது, கரண்ட் நினைத்தால் வரும், தக்காளி கப்பலில் வந்தால்தான் ரசம்... எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு மார்க் போட ஒரு சான்ஸ் கிடைத்தால் விடுவாளா? அதைப் படித்துவிட்டு, பஜாரில் தையல் கடை வைத்திருந்த அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அப்புறம் அவளுக்கு வயிற்றில் கட்டி. வைத்தியத்துக்குச் சென்னை வந்தோம். ஒரு ஃபிளாட்டில், இரண்டாவது மாடியில் வாடகை ரூம். வந்த அன்றைக்கே தள்ளுவண்டிக்காரரிடம், "பையா, கோபி கித்னா?" என்று கேட்டுவிட்டேன். ரங்கத்தில் தெரியாத ஆளிடம் முதலில் இந்திதான். பெங்காலியோ, தெலுங்கோ, யாருக்குத் தெரியும்? அவர் பாவம், விரலை விரித்துக் காட்டி, "சாலீஸ்... தீஸ்..." என்று திணறினார். இரண்டு தமிழர்கள் ஒரு காலிஃபிளவருக்காக ஐந்து நிமிஷம் இந்தியில் போராடினோம். அக்கா கட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

டாக்டர்கள் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, "ரங்கத் போயிடலாம்டி" என்றாள். "அடுத்த ஷிப்புல" என்றேன். அப்படியே மூன்று ஷிப்பைப் போகவிட்டேன். அவள் உடம்பு தேறட்டும் என்பது பாதி. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் சென்னையில் இருக்க ஆசை என்பது மீதி. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, ரூமிலேயே போய்விட்டாள். தெருமுனை கிளினிக் டாக்டர் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ரங்கத்தில் அவ்வளவுதான் வேலை. கதவு திறந்திருந்து, உள்ளே ஒரு அழுகைச் சத்தம் கேட்டால் போதும். பெங்காலி அண்ணன் மண்டல் தாதா மூங்கிலோடு வருவார். தெலுங்கு அக்கா டீக்கேனோடு வருவாள். பாய் கடை ஷட்டர் இறங்கும். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அதனால் பக்கத்தில் இருப்பவர்தான் மாமன், மச்சான், எல்லாம்.

எட்டரை. ஒன்பது. எதிர் ஃபிளாட்காரர் ஆபீஸ் கிளம்பினார். திறந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்காத மரியாதையோடு குனிந்தபடி இறங்கிப் போனார். பத்தரை மணிக்கு வாசலில் ஒரு ஆள்! மனசு குளிர்ந்தது.

"மேடம், எதிர் வீடு பூட்டியிருக்கு. இந்த பார்சல வாங்கி வெச்சுக்கிறீங்களா?"

கூரியர். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன்! உள்ளே அக்காவைத் தூக்க நாலு பேர் இல்லை, நான் யாருடைய பார்சலுக்கோ காவல்.

கடைசியில் போனை எடுத்து, ரங்கத்தில் இருக்கும் மண்டல் தாதாவிடம் அழுதேன். "இங்க மனுஷங்களே இல்ல தாதா! அக்கா போயிட்டா, ஒருத்தர்கூட வரல!"

அவரும் அழுதார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "அரே பகலி, பக்கத்து வீட்ல போலா க்யா? சொன்னியா?"

"சொல்லணுமா?"

நாலடி தள்ளியிருக்கும் கதவைத் தட்டாமல், கடல் தாண்டி போன் போட்டிருக்கிறேன். பகலி என்றால் பைத்தியம். தப்பில்லை.

கீழ் வீட்டுக்கு ஓடினேன். கரண்டியோடு வந்த அந்த அம்மா கேட்டதும் கத்தினாள். "அடிப்பாவிப் பொண்ணே! காலைலேந்து கதவு தொறந்து கெடக்கு, காத்துக்குன்னுல்ல நெனச்சேன்! ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா?" திட்டிக்கொண்டே அடுப்பை அணைத்தாள். திட்டிக்கொண்டே ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். அக்காவுக்குப் புடவை மாற்றும்போதும் என்னைத் திட்டினாள். அன்றைக்கு என்னைத் திட்ட ஒரு ஆள் தேவையாகத்தான் இருந்தது.

பதினோரு பேர் வந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் பாதி ஆபீஸில் திரும்பி வந்து, வண்டி பேசி, மயானத்தில் எழுதிக் கொடுத்து, முன்னால் நின்று தோள் கொடுத்தார். "என் பார்சல வாங்குனீங்களாமே தங்கச்சி... அந்தக் கூரியர்காரன்கிட்டயாவது சொல்லிவுட்டிருக்கலாம்ல?"

இப்போது எந்த ஊருக்கு எத்தனை மார்க் போடுவது? எங்கள் தீவில் சொல்லாமலே வருகிறார்கள். மெயின்லேண்டில் சொன்னால் வருகிறார்கள். கண்ணெதிரே இருப்பவரிடம் வாயைத் திறக்காமல், கோபத்தை மட்டும் மூன்று மணி நேரம் வளர்த்த எனக்குத்தான் முட்டை.

இனி அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன். நீங்களாகத் தெரிந்துகொள்வீர்கள் என்று காத்திருக்காமல், வாய்விட்டே சொல்கிறேன். அவள் பெயர் வசந்தி, ரங்கத் தையல்காரி, முப்பத்தொரு வயசு. கோயிலோ மசூதியோ சர்ச்சோ, நீங்கள் எங்கே கை கூப்பினாலும், ஒரே ஒரு தடவை அவளுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.