தேரிமண்ணில் டபுள்ஸ்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் ஒரு தடவை ஆலந்தலைக்குப் போய், ஜாய்சன் ஒர்க்‌ஷாப் எங்கே என்று கேட்டுப் பார்க்கட்டும். மற்ற நாளில் அந்த ஊரில் ஒரு கேள்வி கேட்டால் நாலு கேள்வி திரும்பி வரும். இந்தப் பெயரைச் சொன்னால் மட்டும் எதுவும் வராது. கையை நீட்டி வழியைக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நடந்தது நடந்ததுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

பேய் என்றதும் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இது நடந்தது பட்டப்பகலில். மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

ஜாய்சனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் தம்பி ஹென்றி. அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியது. அந்த ஏக்கத்திலேயே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து ஜாய்சனின் கவலையெல்லாம் ஒன்றுதான். தம்பியைக் கடலில் இறங்க விடக் கூடாது. தம்பியோ இருபத்திரண்டு வயது. ஒரு இடத்தில் உட்காருகிற பிறவி இல்லை.

“ஏலே, கடலு மட்டும் வேண்டாம். வேற என்ன வேணும்னாலும் கேளு” என்றான் ஜாய்சன்.

ஹென்றி காத்திருந்தவன் போலச் சொன்னான். “அப்பம் தேரியில ஓட்டுத மாதிரி ஒரு வண்டி செஞ்சு தாண்ணே.”

குதிரைமொழித் தேரியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு மணல். மேடு, பள்ளம், மறுபடியும் மேடு. நடுவே பனை, உடைமரம், கொல்லாமரம். ரோட்டில் ஓடுகிற பைக்கை அங்கே விட்டால் கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் புதைந்துபோகும். அந்த மணலில் சில பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள். ஹென்றி அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

மணலில் விழுந்தால் எலும்பு முறியும். ஆனால் ஆள் கிடைத்துவிடுவான். கடலில் அப்படி இல்லை. இப்படித்தான் ஜாய்சன் தன் மனதைத் தேற்றிக்கொண்டான். பாவம், அவனுக்கு வேறெப்படி யோசிக்கத் தெரியும்?

ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியிடமிருந்து ஒரு பழைய ஆர்எக்ஸ் பைக் வந்தது. இந்த வேலையில் பாதி, கழற்றிப் போடுவதுதான். முன் மட்கார்டு போயிற்று. இண்டிகேட்டர் போயிற்று. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகள் போயின. சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க இடப்பக்கம் வைத்திருக்கும் கம்பித் தடுப்பும் போயிற்று. நீள சீட்டை எடுத்துவிட்டு, ஒரே ஆள் உட்காரும் சின்ன சீட்டை வைத்தான். சைலன்சரை மேலே தூக்கிக் கட்டினான்.

மீதிப் பாதி, புதிதாகச் சேர்ப்பது. பட்டன் வைத்த டயர், அகலமான ஹேண்டில்பார். மணலுக்கு வண்டியின் பின்பக்கமும் உயரமாக நிற்க வேண்டும். அதற்குத் தோதாக, தூத்துக்குடியில் மூஸா நெய்னா காக்காவின் காயலான் கடையில், ஏதோ ஒரு வண்டியின் பின்பாகம் அப்படியே ஒரே செட்டாகக் கிடைத்தது. சக்கரம், அதைத் தாங்கும் இரும்புக் கை, இரண்டு ஷாக் அப்சார்பர். ஒரு வாரம் வெல்டிங்கும் கையுமாக உட்கார்ந்து, அதை ஆர்எக்ஸில் பொருத்திவிட்டான். வண்டியைப் பார்த்து ஹென்றி விசில் அடித்தான்.

அதன் பிறகுதான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது.

முதலில் செயின். செயினில் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். ஆள் ஏறினால் அது இறுகும். டபுள்ஸ் ஏறினால் இன்னும் இறுகும். ஜாய்சன் சாயங்காலம் அளவாகத் தொய்வு வைத்துவிட்டுப் போவான். காலையில் வந்து தொட்டுப் பார்த்தால் விறைத்து நிற்கும். வண்டிமேல் யாரும் இல்லை. பூட்டிய ஷெட்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். பின்பக்கத்தைக் கையால் தூக்கிவிட்டால் எழும்பி நிற்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அமுங்கிக் கிடக்கும். ஸ்பிரிங்கை மாற்றினான். மாற்றிவிட்டுத் திரும்பி ஸ்பானரைத் தேடும்போது, முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

க்ரீச்...

ஒரு ஆள் பக்கவாட்டில் மெல்ல ஏறி உட்காருகிற சத்தம்.

ஜாய்சன் சிலுவை போட்டுக்கொண்டு, முதல் வேலையாக ஏரலுக்குப் போன் போட்டான்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. உங்க வண்டியில யாரும்... அடிபட்டுச் செத்தாகளா?”

“விடியாத முன்ன கேக்குத கேள்வியாலே இது? நானும் எம் பொஞ்சாதியும்தான் இத்தன வருசம் அதுல போனோம். அந்தா உள்ள தோச சுடுதா. போனக் குடுக்கட்டா?”

ஜாய்சனுக்கு வெட்கமாகிவிட்டது. வாலிபத்தில் பேய்க்குப் பயப்படுகிறவன் என்று ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தம்பியோடு தேரிக்குப் போனான். அன்றைக்குப் பந்தயம் எதுவும் இல்லை. சும்மா ஓட்டிப் பார்க்கத்தான். தார் ரோட்டு ஓரமாக ஆட்டோவை நிறுத்தினார்கள். ஹென்றி பூட்ஸை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். இரண்டு மூன்று மேடுகள் தாண்டி, பனைகள் கூட்டமாக நிற்கும் ஒரு பள்ளத்துக்கு ஓட்டிப்போனான். ஜாய்சன் மூச்சிரைக்கப் பின்னால் நடந்தான்.

அங்கே ஒரு தடவை நிறுத்திவிட்டு, மறுபடியும் ஒரு ரவுண்டு போய் வந்துதான் ஹென்றி சொன்னான்.

“அண்ணே, வண்டி இழுக்கலியே. டபுள்ஸ் போற மாதிரி பின்னால கனக்கு.”

“இன்னொரு ரவுண்டு போ. நா சத்தத்தக் கேக்குதேன்.”

ஹென்றி மேட்டில் ஏறினான். ஜாய்சன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றான். இன்ஜின் திணறியது. ஒல்லிப் பையன் ஒருவனைச் சுமக்கிற சத்தம் இல்லை அது. இரண்டு பேரைச் சுமக்கிற சத்தம்.

அவன் குனிந்து, ரோட்டிலிருந்து வந்த டயர் தடத்தைப் பார்த்தான்.

தடத்தின் இடப்பக்கமாக, கூடவே, வெறும் காலடிகள் வந்திருந்தன.

சின்னக் கால். பெண் கால். குதிகால் பதியவே இல்லை. விரல்கள் மட்டும் மணலைக் கிண்டியிருந்தன. ஓடுகிறவர்களின் கால் அப்படித்தான் பதியும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஜாய்சன் தாவினாலும் எட்டாத தூரம்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது அந்தத் தேரியில் ஒரு ஈ காக்கை கூட இல்லை.

ஜாய்சன் காலடிகளைப் பின்தொடர்ந்தான். ஹென்றி முதல் தடவை வண்டியை நிறுத்திய இடம்வரை அவை வந்தன. அதற்கு மேல் இல்லை.

அங்கிருந்து டயர் தடம் மட்டும் இரண்டு மடங்கு ஆழமாகப் போயிருந்தது.

ஹென்றி திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ண்ணே... என்னயக் கூப்பிட்டியா?”

“இல்லியே.”

“பின்னால இருந்து கேட்டிச்சு. ‘நில்லுங்க, நில்லுங்க’ன்னு...”

மணி பன்னிரண்டு. மணலில் பனைநிழல்கூட இல்லை. ஜாய்சனுக்கு வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போடத் தம்பிக்கு மனம் வராது. தள்ளவும் முடியாது, அந்த மணலில் பத்துப் பேர் சேர்ந்தாலும் முடியாது. ஓட்டித்தான் ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுற்றிலும் படகு எதுவும் இல்லாத இடத்தில் யாராவது கூப்பிட்டால் திரும்பக் கூடாது. பதில் குரல் கொடுக்கக் கூடாது. படகை நிறுத்தவே கூடாது. அப்பா சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது. ஜாய்சனுக்குத் தெரிந்த ஒரே காவல் அதுதான். கடலுக்குச் சொன்னதை மணலுக்குச் சொன்னான்.

“நேரா ரோட்டுக்குப் போ. எங்கனயும் நிக்காத. யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத. நா பன ஓரமா குறுக்க வாரேன். அங்கன வந்து சேந்துருவேன். போ.”

“நீயும் திரும்பாதண்ணே.”

ஹென்றி கிளம்பினான். ஜாய்சன் பனைகளை ஒட்டி வேகமாக நடந்தான். இன்ஜின் சத்தம் வலப்பக்கம், மேட்டுக்கு அந்தப் புறமாகச் சுற்றி, அவனுக்குச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தது. முதல் மேடு தாண்டியது. சத்தம் ஒரு கணம் விக்கியது.

மறுபடியும் சீராகி, அவனைத் தாண்டி முன்னால் போனது.

நல்லவேளை என்று நினைத்தான்.

அப்போதுதான் அந்தக் குரல்.

“அண்ணே...”

இன்ஜின் முன்னால் போகிறது. குரல் பின்னால் இருந்து வருகிறது.

“அண்ணே... வண்டிய நிப்பாட்டுண்ணே...”

ஹென்றியின் குரல். அச்சு அசலாக அவன் குரல். தம்பி வண்டியில் அல்லவா இருக்கிறான்? அதோ சத்தம் கேட்கிறதே. அப்படியென்றால் இது...

அவன் திரும்பவில்லை.

“அண்ணே... நில்லு... அண்ணே...”

காதைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

குரல் மெலிந்தது.

நின்றது.

ஜாய்சன் ரோட்டுக்கு வந்தபோது வண்டி லோடு ஆட்டோவுக்குப் பக்கத்தில் இருந்தது. சரிந்து கிடந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின் சக்கரம் காற்றில் சுற்றியது.

டர்ர்ர்ர்...

ஹென்றி இல்லை.

“ஏலே... ஹென்றி!”

சத்தம் விக்கிய முதல் மேட்டுக்கு ஜாய்சன் பனை ஓரமாகவே திரும்ப ஓடினான். அங்கிருந்து வண்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கமாக வந்தான். ஒரே கோடாக வந்திருந்தது தடம். மேட்டில் ஏறி, இறங்கி, உடைமரத்தை ஒதுங்கி, கைதேர்ந்த ஒருவர் ஓட்டிவந்தது போல.

தடத்துக்கு இடப்பக்கம் காலடிகள்.

இப்போது வெறும் கால் இல்லை.

பூட்ஸ்.

குதிகால் பதியவில்லை. நுனி மட்டும் மணலைக் கிண்டியிருந்தது...

முதல் மேட்டைத் தாண்டி வெகுதூரத்தில், அந்தக் காலடிகள் முடிகிற இடத்தில், ஹென்றி குப்புறக் கிடந்தான். ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. போகிற வண்டியை எட்டிப் பிடிக்கப் போனவன் கை அது. உயிர் இல்லை.

உடம்பில் ஒரு கீறல் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். வெயிலில் அதிக தூரம் ஓடியதால் நெஞ்சு நின்றுவிட்டதாம். ஆள் இல்லாத வண்டி அத்தனை மேடு தாண்டி எப்படி வந்தது என்று போலீஸ்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடலுக்குத் தப்பவைத்த தம்பியை ஜாய்சன் மண்ணில் தொலைத்துவிட்டான். கூப்பிட்ட குரல் எது என்பது அவனுக்கு இப்போது தெரியும். அது தெரிந்த பிறகு ஒரு மனிதன் எப்படித் தூங்குவான்?

நாற்பது நாள் பூசை முடிந்தபின், ஜாய்சன் வண்டியின் பின்பாகத்தை மட்டும் கழற்றினான். தன்னுடைய எக்ஸ்எல் மொபெட்டில் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனான்.

“காக்கா, இது எந்த வண்டியில உள்ளது?”

மூஸா நெய்னா காக்கா அதைத் திருப்பிப் பார்த்தார்.

“இங்க பக்கத்துல புதுக்கோட்டக்காரர் ஒருத்தரு. சிவப்பிரகாஷ்னு பேரு. பொஞ்சாதிய ஏத்திக்கிட்டு திருநெல்வேலி ரோட்டுல வந்திருக்காரு. வேகத்தடையில அந்தப் புள்ள விழுந்திருச்சு. ஹெல்மெட்டும் காத்துமா இவருக்குத் தெரியல. அது எந்திரிச்சு, ‘நில்லுங்க, நில்லுங்க’ன்னு வண்டிக்குப் பின்னாலயே ஓடியிருக்கு. டீக்கடக்காரங்க பாத்திருக்காங்க. பின்னால வந்த லாரி... அங்கனயே மவுத்து. இவரு வீட்டு வாசல்ல நிப்பாட்டி, ‘எறங்கு’ன்னு சொல்லித் திரும்புனப்பதான் பின்னால ஆளில்லன்னு தெரியும்.”

ஜாய்சன் அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“அதுக்கப்புறமும் அவரு அதே வண்டியத்தான் தம்பி ஓட்டுனாரு. சாவுத வரைக்கும். ஒரு ஆபத்தும் வந்ததில்ல. ஆனா ஒண்ணு. கெளம்புதப்ப எல்லாம் பின்னால திரும்பிப் பாப்பாரு. ‘ஏறிட்டியா?’ன்னு கேப்பாரு. கொஞ்ச நேரம் பொறுத்துதான் வண்டிய எடுப்பாரு. நாங்கள்லாம் கிறுக்குன்னு நெனச்சோம்... ஆமா, ஏன் கேக்கிய?”

ஜாய்சன் பின்பாகத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தான். மொபெட்டை ஸ்டார்ட் செய்தான். அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகத் திரும்பி, காலியான பின்சீட்டைப் பார்த்தான். தேரியில் திரும்பாத அந்தத் தலை இப்போது திரும்பியது.

“ஏலே ஹென்றி...” என்றான். “ஏறிட்டியாலே?”

காக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

க்ரீச்...

வண்டியின் பின்பக்கம் ஒரு ஆள் கனத்துக்கு அமுங்கியது.

ஜாய்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரில் கை வைத்தான்.

பக்கவாட்டில் இன்னொரு ஆள் ஏறியது போல, மறுபடியும் ஒரு தடவை அமுங்கியது.