தேவகுமாரியின் பின்சுவர்

பஸ் கிளம்புவதற்கு முன் தேவகுமாரி பிஸ்கட் டின்னைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் பிளாப்பிகள். அவற்றுக்கு நடுவே வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு பிடி வறுத்த அரிசி. ஏற்காட்டுப் பனி உப்பைத் தண்ணீராக்கும், தீக்குச்சியை நமுக்க வைக்கும், பிளாப்பியில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். டின்னில் அரிசி வாசம் வந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாக்கு வாசம் வந்தால் சாயங்காலம் அரிசியை மறுபடி வறுக்க வேண்டும். முகர்ந்து முடித்ததும் மூடியை அழுத்தி, டின்னை மடியில் வைத்து, அதன்மேல் ஒரு கோடு போட்ட நோட்டை விரித்துக்கொள்வாள்.

"ஏனுங்க, இன்னைக்கு எந்தச் செவுத்தை இடிக்கறீங்க?" என்பார் கண்டக்டர்.

"இன்னைக்கு இடிக்கறதில்லீங்க. ஜன்னல் மட்டுந்தான்" என்பாள், தலையைத் தூக்காமல்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து பஸ் அடிவாரத்தைத் தொடுவதற்குள் அன்றைய வீட்டு வேலை முழுவதும் நோட்டில் ஏறிவிடும். அதன்பின் வேறு ஆள். சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் மாடியில் இரண்டு அறை. அங்கே அவள் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் புரோகிராம் எழுதுகிறாள். எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை, எந்த லாரி எப்போது போனது என்று கேட்டால் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். இதை ஏற்காட்டில் அவள் குடியிருக்கும் ஒண்டிக்கடையில் யாருக்கும் விளக்கி முடியாது. "டிவி ரிப்பேர் பண்ணுவீங்களாமே, எங்கூட்டுப் பொட்டியில மூஞ்சி எல்லாம் கோணலாத் தெரியுதுங்க" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய் ஆண்டெனாவைத் திருப்பிவிட்டும் வந்திருக்கிறாள்.

முப்பத்தாறு வயது. ஒல்லி உடம்பு, அகல நடை. அவளுக்குக் கீழே வேலை பழகும் இரண்டு பெண்களுக்காகக் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: ‘ஏன் இருக்கிறது என்று தெரியாமல் எதையும் அழிக்காதே.' பழைய புரோகிராமில் சும்மா கிடப்பது போலத் தெரியும் ஒரு வரியை எடுத்துவிட்டால், மூன்றாம் மாதம் வேறெங்கோ போய் உதைக்கும். இதை அந்தப் பெண்களுக்குத் தினமும் சொல்வாள். வீட்டு நோட்டிலும் அதே ஒழுங்குதான். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: என்றைக்கு, என்ன, ஏன்.

வீடு அப்பா கட்டியது. காப்பி எஸ்டேட்டில் முப்பது வருடம் ரைட்டராக இருந்த மரியஅந்தோணி, ஒண்டிக்கடைக்கு மேலே சரிவை வெட்டிச் சமமாக்கி ஓட்டு வீடு ஒன்றை எழுப்பினார். வீட்டின் முதுகுக்கும் வெட்டிய மலைக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து. மலை சரியாமலிருக்கச் சந்தின் அந்தப் பக்கம் ஒரு கல் சுவர். அப்பா போய் ஆறு வருடத்தில் கூரைச் சட்டங்களைக் கரையான் தின்றது, ஜன்னல்கள் ஊறி மூட மறுத்தன. தொண்ணூற்றாறாம் வருடம், ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி அருள்சாமியின் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று கடிதம் வந்த அன்று, அம்மா சாந்தாமேரி சொன்னாள்: "பேரப்புள்ளைக்கு நம்ம கோயில்லதான் ஞானஸ்நானம். அதுக்குள்ள ஊட்டை எடுத்துக் கட்டிரணும் கண்ணு."

கட்டுவது யார் என்று அம்மா சொல்லவில்லை. அது தேவகுமாரி என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

தேவகுமாரிக்குத் தம்பி மேல் பொறாமை. இதை அவள் மறைப்பதில்லை, வெளியே காட்டுவதும் இல்லை. புரோகிராம் போல வரிசையாக மனதில் வைத்திருக்கிறாள். மத்தி மீன் குழம்பில்கூட அம்மா கரண்டியால் துழாவிப் பெரிய மீனாகத் தேடுவது. அவன் எழுதும் மூன்று வரி இன்லண்ட் கடிதத்தை அம்மா மூன்று முறை படிக்கச் சொல்வது. தனக்கென்று பார்த்துப் பார்த்து முன்னறையில் அகல ஜன்னல் வைத்தாளே, அதன் முதல் கதவைப் பொருத்திய அன்றே அம்மா வந்தவர்களிடம், "பையன் வந்தா இங்க உக்காந்து ஏரியைப் பார்ப்பான்" என்றது. கொத்தனார் அங்கப்பன்கூட அப்படித்தான். அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து வருபவர். அருள்சாமியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு செங்கல்லுக்கும், "ஏனுங்கம்மா, தம்பியை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா?" என்பார்.

"தம்பி வந்து கலவை போடுவானா? நீங்க வைங்க."

இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் பொறாமை சேற்றின் மேல் வந்தது. சின்ன வயதில், வைகாசி மாதம் மழைக்கு முன்னால், அப்பா ஒரு நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிடுவார். தம்பி டார்ச்சோடு ஓடுவான். இருவரும் பின்கதவைத் தாண்டிச் சந்துக்குள் போவார்கள். ஒரு மணி நேரம் கழித்து முழங்கால்வரை சேறாக, எதற்கோ சிரித்துக்கொண்டு வருவார்கள். அம்மா இரண்டு பேருக்கும் காப்பி கொடுப்பாள். "நானும் வர்றேம்ப்பா" என்று ஒரு வருடம் கேட்டாள். "அது ஆம்பளைங்க வேலை. நீ போய்ப் படி கண்ணு" என்றார் அப்பா. போய்ப் படித்தாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அந்தச் சேறு கிடைக்கவில்லை.

மே மாதம் பதினாலாம் தேதி அங்கப்பன் சந்துக்குள் நின்று கல் சுவருக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். சுவரின் அடியில், கை முட்டி போகும் அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே காய்ந்த மண். ஒரு பல்லி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"பல்லிப் பொந்துங்க. அடைச்சுரட்டுமுங்களா?"

"இருங்க. எதுக்கு வெச்சிருப்பாருன்னு பார்ப்போம்" என்று தேவகுமாரி குனிந்தாள். குனிந்தவள் அப்படியே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எதுக்கும் தம்பியைக் கேட்டுட்டு அடைங்க. அப்பாகூட அவந்தானே அங்க போவான்."

தேவகுமாரி நிமிர்ந்தாள். "அடைங்க" என்றாள்.

அன்று நோட்டில் மூன்றாவது கட்டத்தில், ‘ஏன்' என்பதற்கு நேரே, முதல் தடவையாக ‘தெரியாது' என்று எழுதினாள். எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

ஆடியில் தாய்வீட்டில் தம்பி மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்டோபர் இரண்டாம் ஞாயிறு ஞானஸ்நானம் என்று முடிவானது. குழந்தைக்குப் பின்னறை. சமையலறையை ஒட்டியது, வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி, பிஞ்சுக் காலுக்கு வழவழப்பாகப் புதுச் சிவப்புத் தரை. தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேவகுமாரியே மூன்று ஞாயிற்றுக்கிழமை தேய்த்தாள். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

புரட்டாசியில் மழை பிடித்தது. நான்காம் நாள் தரை வியர்த்தது. ஐந்தாம் நாள் சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஏழாம் நாள் நடுவில் ஓரிடம் உப்பி, காப்பித் தட்டு அகலத்துக்கு வெடித்தது. அங்கப்பன் கூரை மேல் ஏறி ஓடு ஓடாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, தலைத் துண்டைப் பிழிந்தார்.

"மேல ஒண்ணுமில்லீங்க. தண்ணி கீழ இருந்து வருதுங்க."

அம்மா ஈரச் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்தத் தரையில பச்சப் புள்ளையை எப்படிக் கண்ணு படுக்க வைக்கிறது? இன்னும் மூணு வாரங்கூட இல்லை. பேசாம லாட்ஜுல ரூம் எடுத்துக்கச் சொல்லி அவனுக்கு எழுதிப் போட்டுரு."

ஆறு மாத வேலை. கொக்கி, தரை, ஜன்னல் எல்லாம். குழந்தை வந்து லாட்ஜில் படுத்துவிட்டு ஓசூர் போய்விடும். தேவகுமாரி குடையைக்கூட எடுக்காமல் ஒண்டிக்கடை எஸ்டிடி பூத்துக்கு நடந்தாள். இருபத்தைந்து வருடமாகக் கேட்க மாட்டேன் என்று வைத்திருந்ததைக் கேட்கப் போகிறாள். தம்பியின் தொழிற்சாலைக்குப் போன் போட்டு, அவன் லைனுக்கு வரும்வரை கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, அம்மாவுக்கு ஏதாச்சும்...?"

"அம்மா நல்லாருக்காங்க. நீயும் அப்பாவும் பின்சந்துல என்னடா பண்ணுவீங்க?"

"என்னது?"

"வைகாசியில. கம்பி எடுத்துட்டு."

"அதா! எனக்கென்னக்கா தெரியும்? அப்பா செவுத்து ஓட்டையில கம்பியை விட்டுக் குத்துவாரு. நான் டார்ச் புடிச்சுட்டு நிப்பேன். உள்ள இருந்து தவளை குதிக்கும் பாரு, ஒண்ணு அப்பா வேட்டிக்குள்ளயே..." அவன் அங்கே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"எத்தனை ஓட்டைடா?"

"ரெண்டோ மூணோ. மூணுன்னு வை. நான் தவளையைத்தான் எண்ணுனேன்."

"எங்கெங்க இருந்துச்சு?"

"தெரியலியேக்கா. இருட்டு."

போனை வைத்தாள். தவளை எண்ணியவனைப் பார்த்தா இத்தனை வருடம் வயிறெரிந்தது? அப்படி நினைத்ததும் எரிச்சல் குறைய வேண்டும். குறையவில்லை. தவளையையாவது எண்ணினானே என்று இன்னொரு வரி வரிசையில் சேர்ந்துகொண்டது.

மே பதினாலாம் தேதிப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அடைத்த இடத்தைக் காட்டினாள். அங்கப்பன் உளியால் நாலு போடு போட்டு, கம்பியைச் செருகி இழுத்தார். செம்மண் தண்ணீர் பீச்சியடித்து அவர் சட்டை முழுவதும் இறங்கியது.

"ஏனுங்க, உங்க பல்லி நொம்பப் பெரிசா இருக்குதுங்களே!" என்றாள்.

"நான் கீழ்நாட்டுக்காரனுங்கம்மா. எங்கூர்ல செவுத்துக்குப் பின்னாடி மலையா இருக்குது?" என்று அவர் முகத்தைத் துடைத்தார்.

ஆனால் மூன்று நாளாகியும் தரை முழுதாகக் காயவில்லை. மற்ற இரண்டும் எங்கே? அப்பா போன பிறகு கம்பி விட ஆளில்லாமல் மண் மூடி, பாசி படிந்து, அதன்மேல் இப்போது புதுப் பூச்சும் ஏறிவிட்டது. முழுச் சுவரையும் கொத்தினால் மலை சரியும். தேவகுமாரி சந்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். அப்பாவை நினைத்தாள். தம்பியோடு சிரித்த அப்பாவை விட்டுவிட்டு, எஸ்டேட்டுக்குப் போகும் அப்பாவை நினைத்தாள். காப்பிச் செடிக்குக் குழியெடுக்க அவர் கையில் எப்போதும் ஒரு அளவுகோல் இருக்கும். குழிக்குக் குழி ஆறடி. வீட்டிலும் அதே கோல்தான். முற்றத்துக் கொய்யா மரங்கள் ஆறடி. துணிக்கொடிக் கம்பங்கள் ஆறடி. பிள்ளைகள் கட்டிலுக்குக் கட்டில் ஆறடி. ராத்திரி கதை பேசக் கத்த வேண்டியிருக்கும்.

எழுந்து டேப்பை எடுத்தாள். திறந்த ஓட்டையிலிருந்து இடது பக்கம் ஆறடி. "இங்க கொத்துங்க."

"எப்படிங்கம்மா சொல்றீங்க?"

"கொத்துங்க, சொல்றேன்."

மண், வேர், ஒரு தவளை, பின்னாலேயே தண்ணீர். வலது பக்கம் ஆறடி, அங்கேயும் தண்ணீர். தேவகுமாரியின் பாவாடை ஓரத்திலிருந்து முழங்கால்வரை சேறு. அதைக் கழுவாமல் அப்படியே சமையலறைக்குள் போனாள். அம்மா காப்பி போடுவாள் என்று பட்டது.

அம்மா வேலிப்பக்கம் நின்று பக்கத்து வீட்டுப் பூவாயியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இவ போன்ல தம்பியைக் கேட்டா. உடனே சொல்லிட்டான் பூவாயி, ஓசூர்ல இருந்துட்டே! அவனுக்குத்தான் இந்த ஊட்டோட நரம்பு நரம்பாத் தெரியும்."

தேவகுமாரி தானே காப்பி போட்டுக் குடித்தாள். நோட்டை எடுத்து ‘தெரியாது' என்பதை அடிக்காமல், அதற்குக் கீழே ‘மலைத் தண்ணீர் இறங்க. மூன்று. ஆறடிக்கு ஒன்று' என்று எழுதினாள்.

தரை காய்ந்தது. வெடித்த இடத்தில் ஒட்டுப் போட்டது தெரியத்தான் செய்கிறது. தொட்டில் அதை மறைத்துவிட்டது. ஞானஸ்நான ஞாயிறன்று மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. முன்னறை நிறையச் சொந்தக்காரர்கள். அருள்சாமி அகல ஜன்னலருகே உட்கார்ந்து ஏரியைப் பார்த்தான். "எம்பையன் ஊட்டை எப்படி எடுத்துக் கட்டியிருக்கான் பாருங்க" என்று அம்மா ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு சுற்றினாள். "எல்லாம் அக்காதான்" என்று அவன் இரண்டு முறை சொன்னான். யார் காதிலும் விழவில்லை.

குழந்தை மூன்று கைகள் மாறி, நாலாவது கையில் வீறிட்டது. தேவகுமாரி வாங்கிக்கொண்டாள். தோளில் சாய்த்ததும் அழுகை நின்றது. மூன்று மாதக் குழந்தைக்கு யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரியும். பேரப்பிள்ளை கண்டவர்களைக் கேட்டால் சத்தியம் செய்வார்கள். வெள்ளை கவுன், பாலாடை வாசம், எதையோ எட்டிப் பிடிக்கத் துடிக்கும் கட்டைவிரல். தேவகுமாரி துண்டால் அதன் தலையைச் சுற்றி, சமையலறை வழியாகப் பின்கதவைத் திறந்தாள்.

சந்தில் ஒரு கீற்று வெயில் விழுந்திருந்தது. கல் சுவரின் அடியில் மூன்று இடத்தில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா சாமி? ஒண்ணு. அங்க ரெண்டு. அதா, மூணு." குழந்தை மூன்றாவதைப் பார்த்துக் கண்ணை உருட்டியது. "இதை மட்டும் யாரு சொன்னாலும் அடைக்கப்படாது. வைகாசி பொறந்தா கம்பி விடோணும். ஆறடி. மறந்துருவியா? மறக்கப்படாது..."

"அக்கா! பாப்பாவை எங்க தூக்கிட்டுப் போனே?" காப்பித் தம்ளரோடு அருள்சாமி சமையலறையைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். "ஏய், அந்தச் சந்தா? தவளை இருக்குதா இன்னும்? இரு, நானும் வர்றேன்."

தேவகுமாரி குழந்தையை மார்போடு அணைத்துத் திரும்பி நின்றாள்.

"இது பொம்பளைங்க வேலைடா. நீ போய் ஏரியைப் பாரு" என்று சொல்லி, குதிகாலால் கதவை உதைத்துச் சாத்தினாள்.