ஆணி அடிக்காத படகு

விருதுநகர்ப் பக்கம் ஒரு பெண் படகு ஓட்டுகிறாள் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு, "எந்தத் தண்ணியில?" என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. இங்கே ஆறு என்றால் வருஷத்தில் பத்து மாதம் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் பொன்னுத்தங்கத்திடம் ஒரு படகு இருக்கிறது. அதை அவள் ஓட்டவும் செய்கிறாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஆமத்தூரைத் தாண்டி உள்ளே தள்ளி நல்லாங்குளம் என்று ஓர் ஊர். பட்டாசுக் கம்பெனியில் வேலை. வாரத்தில் ஆறு நாள் கம்பெனி, ஏழாவது நாள் வரத்துக்கால். ஆற்றில் தண்ணீர் வந்தால் அதை ஊர்க் கண்மாய்க்குக் கொண்டுவந்து சேர்க்கிற வாய்க்கால் அது. அதன் மேல்பகுதியில், ஊர்ச் சாக்கடையும் பழைய மழைத் தண்ணீரும் சேர்ந்து எப்போதும் இடுப்பளவுக்குத் தேங்கி நிற்கும். அதில் ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிக் கிடக்கும். ஞாயிறுதோறும் படகில் போய் அதை அள்ளிக் கரையில் போடுவது அவள் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. சம்பளம் கிடையாது, யாரும் செய்யச் சொல்லவும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நீச்சல் தெரியாது. கண்மாயில் தண்ணீர் கிடந்து, ஊர்ப் பிள்ளைகள் குதித்து விளையாடிய காலம் ஒன்று இருந்தது. அந்த வயதில் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு இத்தனை கட்டு என்று கணக்கு. கண்மாய்ச் சத்தம் காதில் விழும், எழுந்து போக முடியாது. அவள் பெரியவளாகிக் கைக்குக் கொஞ்சம் ஓய்வு வந்தபோது கண்மாயில் தண்ணீர் இல்லை. இதைச் சொல்லும்போது அவள் அழுவதெல்லாம் இல்லை. கேட்கிற நமக்குத்தான் கோபம் வருகிறது.

படகு ஆசை வந்தது பிச்சாவரத்தில். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனியிலிருந்து டூர் கூட்டிப்போனார்கள். மற்றப் பெண்கள் படகில் ஏறியதும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். பொன்னுத்தங்கம் மட்டும் படகோட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவரைக் கேள்வியால் துளைத்தெடுத்தாள். கம்பை எதற்கு அங்கே ஊன்றுகிறீர்கள், வளைவில் ஏன் முதலில் பின்பக்கம் தள்ளுகிறீர்கள், இந்த மரம் ஊறிப்போகாதா. பொறுக்க முடியாமலோ என்னவோ அவர் கம்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். கால் மணி நேரம் அந்த வாய்க்கால்களுக்குள் அவள் படகைத் தள்ளிக்கொண்டு போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் போட்டு ஆடினார்கள். அவள் ஆடப் போகவில்லை. மதுரை தாண்டிய பிறகு, பக்கத்தில் இருந்த ராக்காயியின் தொடையில் தட்டினாள். ராக்காயி அவளோடு ஒரே அறையில் திரி சொருகுகிறவள், பேச்சுக்கு அஞ்சாதவள்.

"ஏ ராக்கு, நம்ம வரத்துக்கால்ல எறங்கித்தான தாமரை அள்ள முடியல? சகதி இளுத்துருது. மெதந்துகிட்டே அள்ளுனா என்ன?"

"ஒனக்கு நீச்சலே தெரியாதே."

"நீச்சல் தெரியாததுனாலதான படகு வேணுங்கேன்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

படகைச் செய்தது பெத்தணன். கம்பெனிக்கு மரத்தட்டும் மரச்சுத்தியலும் முப்பது வருஷமாகச் செய்து கொடுக்கிறவர். சிவகாசியில் புத்தகம் கட்டுகிற பசை வந்திறங்கிய நீல டிரம் ஆறு கிடைத்தது. மூன்று மூன்றாக இரண்டு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் மேலே பலகை. எளிய வேலைதான். ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஆறு ஞாயிற்றுக்கிழமை. ஏனென்றால் அவர் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

பட்டாசு மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு நுழையக் கூடாது. இரும்பு எங்கேயாவது உரசினால் பொறி, பொறி பறந்தால் அதோடு சரி. அதனால் அங்கே எல்லாமே மரமும் பித்தளையும் கயிறும்தான். முப்பது வருஷம் அப்படியே செய்த கைக்கு ஆணிப்பக்கம் போக வரவில்லை. பலகையைக் கயிற்றால் பிணைத்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் நடுவே ஒரு மரமுளையைச் செருகி இறுக்கினார். முளையை உருவினால் முடிச்சு தளர்ந்துவிடும்.

டீக்கடையில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "பெத்தணண்ணே, தண்ணிக்குள்ள எங்கிட்டுண்ணே பொறி பறக்கப் போகுது?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். "செஞ்சு முடிச்சப்பறம்தான்யா எனக்கே ஒறைக்குது. கை கேக்கமாட்டேங்குது," என்றார். ஆணி அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் முன்வரவும் செய்தார். பொன்னுத்தங்கம் வேண்டாம் என்றுவிட்டாள். மனுஷன் ஆறு வாரம் குனிந்து கட்டியதைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மாதம் ஒருமுறை முடிச்சுகளை இறுக்க வேண்டியிருந்தது, அதையும் அவளே செய்தாள்.

கம்பெனிப் பழக்கம் அவளிடமும் ஒன்று உண்டு. மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை வெறுங்கையால் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், அதற்குத்தான். இருபத்தைந்து வருஷமாகத் தொட்டுத் தொட்டு, படகில் ஏறுமுன்னும் அவள் கை தானாகக் குனிந்து தண்ணீரைத் தொட்டது. பார்த்தவர்கள் அவள் கங்காதேவியைக் கும்பிடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உதவிக்கு வந்த ஏழெட்டுப் பேரும் அப்படியே தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். ஆடிவெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போய்வந்த ஒருவர் டிரம்முக்குத் திருநீறு பூசிவிட்டார். சாக்கடைத் தண்ணீருக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதைப் பார்த்து ராக்காயி வயிறு வலிக்கச் சிரித்தாள். பொன்னுத்தங்கம் யாரையும் திருத்தவில்லை. இடுப்பைச் சுற்றி நான்கு காலி எண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றித் தன் வேலையைப் பார்த்தாள்.

நான்கு வருஷம் இப்படிப் போனது. வரத்துக்கால் முக்கால்வாசி சுத்தமாகிவிட்டது. ஆனால் கண்மாய்க்கு ஒரு சொட்டு வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால்தானே வாய்க்காலில் வரும். "காஞ்ச ஊருக்குப் படகு ஓட்டுதா பாரு," என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கண்மாயை நம்பித்தான் வயல். எனக்கு இதுதான் பிடிபடுவதில்லை.

போன வருஷம், தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டிருந்த சமயம். கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை. செவ்வாய்க்கிழமை காலை ஆற்றில் தண்ணீர் புரண்டு வந்து வரத்துக்காலுக்குள் நுழைந்தது. ஊரே கரைக்கு ஓடியது. ஆனால் மேலே அள்ளாமல் மிச்சம் கிடந்த கால்வாசி ஆகாயத்தாமரை வெள்ளத்தோடு பெயர்ந்து வந்து, கண்மாய் வாயில் போய் மொத்தமாக அடைத்துக்கொண்டது. தண்ணீர் கண்மாய்க்குள் போக வழியில்லாமல் பின்னால் ஏறத் தொடங்கியது. அது ஏறிய பக்கம்தான் அவர்கள் கம்பெனி இருந்தது.

மேனேஜர் ஸ்ரீராம்குமார் வரத்துக்கால் பாலத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், அன்றைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "கிடங்குச் சுவத்துல வெள்ளைக் கோடு போட்டிருக்கோம்ல தங்கம்மா, அதுக்கு முக்கால் அடிதான் பாக்கி. உள்ள அலுமினியத் தூள் இருக்கு. மாத்த எடமில்ல. கரைய வெட்டி ஆத்துக்கே திருப்பி விட்டுரலாம்னு அனுமதி வாங்கிட்டேன். ஜேசிபி வந்துருச்சு."

அலுமினியத் தூளில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரால் அணைகிற தீ அல்ல அது, தண்ணீரால் பிடிக்கிற தீ. கரையை வெட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இந்த ஆற்று வெள்ளம் இரண்டு நாள் ஓடும், அவ்வளவுதான். வெட்டிவிட்டால் இந்த வருஷமும் கண்மாய் பொட்டல்.

"எம்புட்டு நேரம் தருவீக சார்?"

"கோட்டத் தொடுற வரைக்கும். மூணு மணிக்குள்ள தொட்டுரும்."

"கோட்டத் தொட்டா வெட்டிருங்க. நான் குறுக்க நிக்கமாட்டேன்," என்றாள் அவள்.

அப்போது மணி ஒன்று. கண்மாய் வாய் பாலத்திலிருந்து நூறடிதான். ஆனால் ஊறிப்போன கரிசல் மண்ணில் கால் வைத்தால் முழங்கால் வரை போகிறது. ஜேசிபி ஒரு சக்கரத்தை இறக்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டது. தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும். படகோ பாலத்துக்கு மேல்பக்கம் கிடக்கிறது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகிற கண் நாலரை அடி அகலம், படகு ஆறடி.

எல்லோரும் படகையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பெத்தணன்தான் மெதுவாகச் சொன்னார். "ஆத்தா, ஆணி அடிக்கலைல்லா."

சொல்லி வாய் மூடுமுன் அவள் குனிந்து முளைகளை உருவ ஆரம்பித்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் படகு இரண்டாகப் பிரிந்தது. மும்மூன்று டிரம்மும் பலகையுமாக ஒவ்வொரு பாதியையும் கயிறு கட்டிப் பாலத்துக்கு அடியில் மிதக்கவிட்டு, மறுபக்கம் இழுத்துப் பிடித்தார்கள். பெத்தணன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மறுபடி பிணைத்தார். முளை ஒவ்வொன்றும் சரியாகப் போய் உட்கார்ந்தது. டீக்கடைக்காரர்தான் படகை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொன்னுத்தங்கம் கேன்களைக் கட்டிக்கொண்டாள். குனிந்து தண்ணீரைத் தொட்டாள். ராக்காயி படகில் கட்டியிருந்த கயிற்றைப் பாலத்துக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "நீச்சல் தெரிஞ்சவுக யாராச்சும் போகட்டுமே தங்கம்," என்றாள். அவள் சிரித்துப் பேசாமல் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"படகு தள்ளத் தெரிஞ்சவ நான்தான," என்றாள் பொன்னுத்தங்கம்.

பயம் இல்லாமல் இல்லை. அடைப்புக்குப் பக்கத்தில் போனதும் கம்பை வேகமாக வீசிக் குத்தத்தான் யாருக்கும் தோன்றும். அவள் குத்தவில்லை. கம்பெனியில் எதையும் இடிக்காமல், இழுக்காமல், உரசாமல் எடுத்துப் பழகியவள். ஓரத்துக் கொடியாகப் பார்த்து, மரக்கொக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரீராம்குமார் கிடங்குக்கும் பாலத்துக்கும் நடந்து நடந்து, தண்ணீருக்கும் கோட்டுக்கும் இருந்த தூரத்தைக் கையால் காட்டினார். முதலில் ஒரு சாண். அப்புறம் நாலு விரல். இரண்டே முக்காலுக்கு இரண்டு விரல். ஜேசிபிக்காரர் இன்ஜினைப் போட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அடியில் ஒரு வேர் அசைந்தது. அதைப் பிடித்து அவள் கொக்கியைத் திருகினாள். பச்சை மெத்தை முழுசும் ஒரு முனகலோடு நகர்ந்து உடைந்தது. தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் அந்த வாய் வழியாகப் பாய்ந்தது, படகும் கூடவே. கயிறு விண்ணென்று இழுத்தது. படகின் முன்பக்கம் தண்ணீருக்குள் முங்கியது. இனிப் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று ராக்காயிக்குத் தெரிந்தது. உள்ளங்கைத் தோல் உரியப் பிடித்திருந்த கயிற்றை அவள் விட்டுவிட்டாள்.

படகு கண்மாய்க்குள் போய்விட்டது. கருவேல மரங்களுக்கு இடையே சுற்றிச் சுற்றி, நடுவில் போய் நின்றது. அவள் பலகையில் குப்புறக் கிடந்தாள். கரையில் கூட்டம் "எறங்கிராத, எறங்கிராத" என்று கத்தியது. அவள் மெல்ல எழுந்தாள். கேன்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காலைத் தண்ணீருக்குள் விட்டு இறங்கினாள்.

முழங்கால் அளவு.

வருஷக்கணக்காகப் புழுதி பறந்த தரையில் முழங்கால் அளவுத் தண்ணீர். அவள் அதன் நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். கிடங்குப் பக்கமிருந்து, தண்ணீர் வடியுது என்று ஸ்ரீராம்குமார் சொல்வது கேட்டது. ஜேசிபியின் இன்ஜின் நின்றது.

அடுத்த நாள் இரவு வரை தண்ணீர் ஓடியது. அதன் பின்னும் இரண்டு மழை பெய்து கண்மாய் நிறைந்தது. ஊர் அவளுக்குச் சால்வை போட்டது. அதை அவள் ராக்காயியின் கைக்கட்டுக்கு மேல் சுற்றிவிட்டாள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு ராக்காயி அவளைக் கண்மாய்க்கு இழுத்துக்கொண்டு போனாள். "இனிச் சாக்குச் சொல்ல முடியாது. தண்ணி கெடக்கு, எறங்கு."

தை மாசம் முழுக்க, கம்பெனி விட்டு வந்ததும் மாலை வெயிலில் இரண்டு பேரும் கண்மாய்க்குப் போனார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. இடுப்பில் நான்கு கேனோடு ஆரம்பித்தாள். அப்புறம் மூன்று, அப்புறம் இரண்டு. தண்ணீர் குடித்தாள், இருமினாள், ராக்காயியைத் திட்டினாள், மறுநாளும் வந்தாள். மாசிப் பிறப்புக்கு முந்தின நாள், படித்துறையில் நின்று குனிந்து தண்ணீரைத் தொட்டாள். பிறகு இடுப்பில் மிச்சமிருந்த ஒரே கேனையும் அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டு, நடுக் கண்மாயில் கருவேல மரத்தில் கட்டிக் கிடந்த தன் படகை நோக்கி நீந்திப் போனாள்.